மலைக்கு அந்தப் பக்கம் திருட்டு வழக்கு: எந்த வக்கீலிடம் போவது?

தேனி மாவட்டத்தில் கம்பம், கூடலூர், தேவாரம், போடி பக்கம் இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விடியுமுன் ஜீப்பில் ஏறி, குமுளி வழியோ கம்பமெட்டு வழியோ போடிமெட்டு வழியோ கேரளாவின் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டத்துக்குப் போய், இருட்டுவதற்குள் இறங்கி வந்துவிடுகிற பிழைப்பு. வேலை அங்கே, வீடு இங்கே. ஆனால் அங்கே ஒரு கேஸ் என்று வந்துவிட்டால் ஸ்டேஷனும் கோர்ட்டும் ஜெயிலும் மொழியும் எல்லாமே அந்தப் பக்கம்தான்.

போன வருஷம் எங்கள் வீட்டுக்கு அது வந்தது. அக்கா மகன், 23 வயது, ஒரு எஸ்டேட் ஸ்டோரில் காய் காயவைக்கிற வேலை. ஒரு மூட்டை உலர்ந்த ஏலக்காய் குறைகிறது என்று முதலாளி புகார் கொடுத்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் "சும்மா விசாரணை" என்று கூப்பிட்டார்கள், ராத்திரியே கைது. அந்த இரண்டு மூன்று நாளில் யார் யாரோ போன் பண்ணி இவரைப் பிடி, அவரைப் பிடி என்றார்கள். எங்களுக்கு எதுவும் தெரியாததால் முதலில் தப்பான முடிவு எடுத்தோம், அதனால் பையன் கூடுதலாகச் சில நாள் உள்ளே இருந்தான். இன்னொரு குடும்பம் அதே நிலையில் நின்றால் எதை எதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

வக்கீலைத் தேடும் முன்னால் எந்தப் பிரிவு போட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள், ஏனென்றால் எவ்வளவு பெரிய வக்கீல் தேவை என்பதே அதை வைத்துத்தான். 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 379, 380 எல்லாம் போய் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதுச் சட்டம் வந்துவிட்டது. சாதாரணத் திருட்டு 303(2), அதிகபட்சம் 3 வருஷம். வீட்டுக்குள் திருடியதாகச் சொன்னால் 305, வேலைக்காரர் முதலாளி பொருளைத் திருடியதாகச் சொன்னால் 306, இரண்டுமே 7 வருஷம் வரை. தோட்டத் தொழிலாளி என்றாலே பெரும்பாலும் 306 போட்டுவிடுவார்கள், எங்கள் பையனுக்கும் அதுதான். பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே, வெறும் 303(2) மட்டும் என்றால் விஷயமே வேறு. அது ஜாமீனில் விடக்கூடிய குற்றம், மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் கைது செய்ய முடியாது, முதல் தடவை என்றால் பொருளைத் திருப்பிக் கொடுத்ததும் சமூக சேவையோடு முடியலாம். ஏலக்காய் கிலோ 2,500 ரூபாய் விற்றால் இரண்டு கிலோவுக்குக் குறைவாக இருந்தால்தான் அந்தக் கணக்கு. மடியில் ஒரு கைப்பிடி காய் இருந்தது என்று ஒரு அம்மாவைப் பிடித்து வைத்திருந்தால் அங்கே பெரிய வக்கீல் தேவையே இல்லை, மதிப்பு என்ன என்று எழுத்தில் கேட்கிற ஒருவர் போதும்.

நாங்கள் முதலில் போனது ஊர் வக்கீலிடம். மச்சானுக்குத் தெரிந்தவர், நிலத் தகராறில் உதவியவர். தமிழ்நாட்டு பார் கவுன்சிலில் பதிவு செய்தவர் கேரளாவில் ஆஜராக முடியாது என்று சிலர் சொல்வது தவறு. வழக்கறிஞர் சட்டத்தின் 30-வது பிரிவு 2011-ல் அமலுக்கு வந்த பிறகு இந்தியாவில் எந்த கோர்ட்டிலும் ஆஜராகலாம். உரிமை இருக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் மலையேறி ஒவ்வொரு வாய்தாவுக்கும் போவாரா, போனாலும் அங்கே கேஸ் கட்டில் இருப்பதைப் படிப்பாரா என்பதுதான் கேள்வி. எங்களிடம் 25,000 வாங்கிக்கொண்டு முதல் வாய்தாவுக்கு அவர் வரவில்லை, ஜூனியரை அனுப்பினார். அந்தத் தம்பிக்கு மலையாளம் படிக்கத் தெரியாது, ஜாமீன் மனுவில் எஃப்.ஐ.ஆரில் உள்ளதை மறுத்து ஒரு வரிகூட இல்லை. மனு தள்ளிப்போனது. அவரை நான் திட்டவில்லை, அவருக்கு அங்கே தினசரி வேலை கிடையாது, அவ்வளவுதான். அதை முதல் நாளே எங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

மொழி விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் எல்லைப் பக்கத்து ஆட்கள் ஏமாறுவது இங்கேதான். மலையாளம் பேசத் தெரியும், பேசினால் புரியும், அதனால் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறோம். காகிதம் வேறு. எஃப்.ஐ.ஆர் நகலை வேறொருவர் வாசித்துக் காட்டியபோது "ஒண்ணாம் பிரதி" என்று வந்தது, அக்கா அதை முதல் நகல் என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். மலையாளத்தில் பிரதி என்றால் குற்றம் சாட்டப்பட்டவன். "மொழி" என்றால் வாக்குமூலம். "ஜாமியம்" என்பது ஜாமீன் என்று ஊகிக்கலாம், "மோஷணம்" என்பது திருட்டு என்று ஊகிக்க முடியுமா? பையன் கையெழுத்துப் போட்டிருந்த நான்கு பக்கமும் மலையாளம், கடைசியில் தமிழில் அவன் பெயர் கோணல்மாணலாக இருந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எங்கள் குடும்பத்துக்குத் தெரிய 11 நாள் ஆனது.

போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகச் செல்லாது, அதனால் அந்தக் கையெழுத்தோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. ஆனால் பொருள் இன்ன இடத்தில் இருக்கிறது என்று அவன் சொல்லி, சொன்ன இடத்தில் எடுத்ததாக மகஸர், அதாவது பொருளை எடுத்த விவரக் காகிதம், எழுதியிருந்தால் அந்தப் பகுதி செல்லும். எந்த வரி செல்லும், எந்த வரி செல்லாது என்று பிரித்துப் பார்க்கிறவர்தான் நமக்கு வேண்டிய வக்கீல். அதற்கு அந்த எழுத்து அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். குற்றப்பத்திரிகை குற்றம் சாட்டப்பட்டவரின் மொழியில்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை என்று 2023-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அவருக்கும் அவர் வக்கீலுக்கும் அந்த மொழி தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பு கேட்கலாம். வக்கீலுக்குத் தெரிந்தால் அவரே விளக்கிவிடலாம் என்பதுதான் கணக்கு. அப்படியானால் மலையாளம் படித்து, தமிழில் நம்மிடம் விளக்கிச் சொல்கிறவரைத் தேடுவது ஆடம்பரம் கிடையாது.

மதுரை வக்கீல், தேனி வக்கீல் அப்போது எதற்குமே உதவமாட்டார்களா என்றால், ஒரு கட்டத்தில் உதவுவார்கள். கேஸ் அங்கே பதிவாகி, ஆள் இன்னும் இங்கே வீட்டில் இருக்கிறார், எந்த நேரமும் கேரளா போலீஸ் வரலாம் என்ற நிலை. அப்போது தேனி செஷன்ஸ் கோர்ட்டிலோ உயர் நீதிமன்ற மதுரைக் கிளையிலோ குறுகிய காலத்துக்கு முன்ஜாமீன் கேட்கலாம், அந்த அவகாசத்தில் கேரள கோர்ட்டுக்குப் போய்ச் சேரலாம். வேறு மாநிலத்தில் பதிவான வழக்கிலும் இப்படித் தற்காலிகப் பாதுகாப்பு தரலாம் என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. இதற்கு நம் பக்கத்து வக்கீல் சரியான ஆள். கைதாகிவிட்டால் அந்த வேலை முடிந்தது, மதுரையில் மனு போட்டு இடுக்கி கேஸில் ஜாமீன் வாங்க முடியாது. அதற்கும் பணம் கேட்கிறவர் இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்து வந்த யோசனை எறணாகுளம். சொந்தக்காரர் ஒருவர், ஹைகோர்ட்டில் பெரிய வக்கீல், அவர் நின்றால் ஜட்ஜே மரியாதை கொடுப்பார் என்றார். கேட்ட தொகையைச் சொன்னால் எங்கள் வீட்டையே விற்க வேண்டும். திருட்டுக் கேஸ் மாஜிஸ்திரேட் கோர்ட் விஷயம், 306-ஆக இருந்தாலும் அங்கேயே ஜாமீன் கேட்கலாம், அங்கேயே விசாரணை. மாஜிஸ்திரேட் மறுத்தால் செஷன்ஸ் கோர்ட், அது தொடுபுழைக்குப் பக்கத்தில் முட்டத்தில் இருக்கிறது, அதுவும் மறுத்தால்தான் எறணாகுளம். அல்லது கேஸையே ரத்து செய்யச் சொல்லிப் போவதென்றால் எறணாகுளம். அந்த நிலை வரும்போது தேடிக்கொள்ளலாம்.

சட்ட உதவி வக்கீலைப் பற்றி எங்கள் பக்கம் இருக்கிற எண்ணம் சரியில்லை. "இலவசம்தானே, ஏனோதானோ என்று நிற்பார்" என்று நானும் நினைத்தேன். உண்மையில் அந்த முதல் சனிக்கிழமை, விடுமுறை நாளில் பையனை மாஜிஸ்திரேட் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியபோது நாங்கள் யாரும் இல்லை, நாங்கள் பணம் கொடுத்த ஆளும் இல்லை, கூட நின்றது சட்ட உதவி வக்கீல் மட்டும்தான். அடித்தார்களா, எப்போது பிடித்தார்கள், வீட்டுக்குச் சொன்னார்களா என்று பையனிடம் தமிழில் கேட்டு, பிடித்த நேரத்தை மாஜிஸ்திரேட்டிடம் சொல்லிக் குறிக்க வைத்திருக்கிறார். பிடித்து 24 மணி நேரத்துக்குள் ஆஜர்படுத்த வேண்டும் என்பதால் அந்த நேரம் முக்கியம்.

காவலில் இருக்கிறவருக்கு வருமானம் எவ்வளவு என்றே பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அப்படியே. இது 1987-ஆம் வருஷத்துச் சட்டம். இந்த உரிமை உனக்கு இருக்கிறது என்று முதல்முறை ஆஜர்படுத்தும்போதே மாஜிஸ்திரேட் சொல்லியாக வேண்டும் என்று 2012-ல் மும்பைத் தாக்குதல் கசாப் வழக்குத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவனுக்கே அந்த உரிமை என்றால் ஏலக்காய் மூட்டைக்கு மாட்டிக்கொண்ட நம் பையனுக்கு இல்லாமல் போகுமா? 15100-க்கு போன் பண்ணினால் எந்த மாவட்டம் என்று கேட்டு வழி சொல்வார்கள். 2022-லிருந்து மாவட்டங்களில் முழுநேர சட்ட உதவிப் பாதுகாப்பு வக்கீல்கள் என்று ஒரு ஏற்பாடும் இருக்கிறது, அவர்கள் தனியார் கேஸ் எடுக்கக்கூடாது, அதனால் அடுத்த கட்சிக்காரனிடம் ஓடுகிற அவசரம் இல்லை. இதில் குறை என்னவென்றால் யார் வருவார் என்பதை நாம் தேர்ந்தெடுக்க முடியாது, ஒருவர் கையில் நிறையக் கேஸ் இருக்கும், வீட்டுக்காரர்கள் போன் பண்ணி நினைத்த நேரம் பேச முடியாது. கையில் பணமே இல்லை என்றால் கடன் வாங்கி அரைகுறை தனியார் வக்கீலைப் பிடிப்பதைவிட இதுவே மேல். வட்டிக்கு வாங்கி வக்கீலுக்குக் கொடுத்துவிட்டு, பிறகு சாட்சி விசாரணை நேரத்தில் கொடுக்க ஒன்றுமில்லாமல் நிற்கிற குடும்பங்களை நான் இப்போது கோர்ட் வராண்டாவில் பார்க்கிறேன்.

கடைசியில் நாங்கள் பிடித்தது அந்த கோர்ட்டிலேயே தினமும் நிற்கிற ஒருவரை. பீர்மேடு, கட்டப்பனை, நெடுங்கண்டம் என்று மலையில் பல இடத்தில் மாஜிஸ்திரேட் கோர்ட் உண்டு, எந்த ஸ்டேஷன் எந்த கோர்ட்டுக்குள் வருகிறது என்று கேட்டுவிட்டு அந்த கோர்ட் வாசலிலேயே தேட வேண்டும். டீக்கடையில் யாரையும் நம்பிக் கேட்க வேண்டாம். காலையில் 11 மணிக்கு உள்ளே போய்ப் பின் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பாருங்கள். யார் கட்டைக் கையில் பிரித்து வைத்துக்கொண்டு பேசுகிறார், யார் குமஸ்தாவை நம்பியே நிற்கிறார், யாருடைய கட்சிக்காரர்கள் வெளியே வரும்போது அவரிடம் நின்று பேச முடிகிறது, எல்லாம் கண்ணுக்குத் தெரியும். நாங்கள் அப்படிப் பார்த்துத்தான் அவரிடம் போனோம். வண்டிப்பெரியாறு பக்கம் எஸ்டேட் தமிழர்களோடு வளர்ந்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார். போனவுடன் அவர் தொகை பேசவில்லை. அந்த நான்கு பக்கத்தையும் வாங்கி, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போய், ஒரு இடத்தில் நிறுத்தி, "இந்த நாளில் பையன் ஸ்டோரில் வேலைக்கு இருந்தானா, மஸ்டர் ரோல் பார்த்தீர்களா?" என்று வருகைப் பதிவேட்டைக் கேட்டார். அந்தக் கேள்வியை அதற்கு முன்னால் யாருமே கேட்கவில்லை.

உள்ளூர் வக்கீலிலும் ஒரு ஆபத்து இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. மலையில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். புகார் கொடுத்த எஸ்டேட்டின் பத்திரம், வரி, லேபர் கேஸ் எல்லாம் பார்க்கிற வக்கீலே உங்களுக்கும் நிற்க ஒத்துக்கொள்ளலாம். வக்காலத்தில், அதாவது அவரை நம் வக்கீலாக நியமிக்கிற காகிதத்தில், கையெழுத்துப் போடும் முன்னால் நேராகக் கேட்டுவிடுங்கள்: "சார், அந்த முதலாளிக்கு நீங்களோ உங்கள் ஆபீஸில் யாராவதோ கேஸ் பார்க்கிறீர்களா?" கோபப்பட்டால் வேறு ஆளைப் பாருங்கள். எங்கள் வக்கீல் உடனே, முதலாளியின் தம்பிக்கு ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு செக் கேஸ் பார்த்தேன், அது முடிந்துவிட்டது, பரவாயில்லையா என்று அவராகவே கேட்டார். அப்படிச் சொல்கிறவரை நம்பலாம்.

ஃபீஸைப் பொறுத்தவரை மொத்தமாகப் பேசுவதா, வாய்தாவுக்கு இவ்வளவு என்று பேசுவதா என்று கேட்பார்கள். இரண்டையும்விட கட்டம் கட்டமாகப் பேசுவது நல்லது என்பேன்: ஜாமீன் வரைக்கும் ஒன்று, குற்றப்பத்திரிகை வந்த பிறகு விசாரணைக்கு ஒன்று. வாய்தா கணக்கு என்றால் வாய்தா நீளும், மொத்தம் என்றால் முதலிலேயே வாங்கிவிட்டு ஆர்வம் குறையும். "ஜாமீன் கிடைத்தால் இவ்வளவு, விடுதலை ஆனால் இவ்வளவு" என்று பேசுகிறவர் பார் கவுன்சில் விதியையே மீறுகிறார், முடிவை வைத்து ஃபீஸ் பேசக்கூடாது என்பது விதி. ஸ்டேஷனில் ஆள் இருக்கிறது என்று சொல்லி வருகிற இடைத்தரகரிடம் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

ஜாமீன்தாரர் விஷயத்தில்தான் உள்ளூர் வக்கீலின் அருமை தெரிந்தது. அங்கே நிலவரி கட்டிய ரசீது, அவர்கள் "கரம் அடச்ச ரசீது" என்பார்கள், அதோடு இரண்டு பேர் வர வேண்டும் என்றார்கள். எங்களிடம் கூடலூர் பட்டாதான் இருந்தது. காசுக்கு ஜாமீன் நிற்கிற ஆட்கள் உண்டு, அவர்களிடம் போனால் ரசீது பொய்யாகி இன்னொரு கேஸ் வரும். எங்கள் வக்கீல் வேறு மாநில நிலப் பத்திரத்தை ஏற்கச் சொல்லி மனு போட்டார், 1978-ஆம் வருஷத்து மோத்தி ராம் தீர்ப்பைக் காட்டினார். மத்தியப் பிரதேசத்தில் ஒரு கொத்தனாருக்கு 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டு, அவர் அண்ணன் தம்பி சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்த கேஸ் அது. ஒரு மலையாளியோ தமிழனோ ஆந்திராக்காரனோ திருட்டுக் கேஸில் பஸ்தாரிலோ போர்ட் பிளேரிலோ பிடிபட்டால் உள்ளூர் ஜாமீன்தாரருக்கு எங்கே போவான் என்று நீதிபதி கிருஷ்ணய்யர் அதில் கேட்டார். ஊர் விட்டு ஊர் போய்ப் பிழைக்கிற நமக்காகவே எழுதியது போல இருக்கும். மச்சானின் பட்டாவும் குமுளியில் கடை வைத்திருக்கிற தெரிந்தவரின் ரசீதும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். 19-வது நாள் பையன் வெளியே வந்தான். 60 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும் என்று அதுவரை சும்மா இருக்கச் சொன்னவர்களும் உண்டு, 60 நாள் உள்ளே இருப்பது என்ன என்று அவர்களுக்குத் தெரியாது.

வக்கீலே வேண்டாம், முதலாளியோடு பேசி முடித்துக்கொள்ளலாம் என்பது இன்னொரு வழி. கங்காணி மூலமாக எங்களுக்கும் வந்தது. இது எப்போதும் கெட்ட வழி இல்லை. 303(2) மட்டும் என்றால் பொருளின் சொந்தக்காரர் ஒத்துக்கொண்டால் சமரசம் செய்துகொள்ளலாம், 306 என்றால் கோர்ட் அனுமதியோடு செய்துகொள்ளலாம், 305 என்றால் சமரசம் செய்யக்கூடிய குற்றங்களின் பட்டியலிலேயே கிடையாது, எறணாகுளம்தான் போக வேண்டும். ஆனால் அதையும் வக்கீலை வைத்துக்கொண்டு கோர்ட்டில் பதிவு பண்ணுங்கள். முதலாளி கேட்டார் என்று "தெரியாமல் எடுத்துவிட்டேன், மன்னிக்கவும்" என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுக்காதீர்கள். போலீஸிடம் சொன்ன ஒப்புதலுக்கு இருக்கிற தடை அந்தக் கடிதத்துக்கு இல்லை, அதை சாட்சியமாகக் கொண்டுவரலாம்.

அதேபோல "ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டிவிட்டு வந்துவிடு, அலைச்சல் மிச்சம்" என்பவர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம். ஃபைன் கட்டினாலும் அது தண்டனைதான். பிறகு ஒரு தடவை 303(2)-ல் தண்டனை என்றால் குறைந்தது ஒரு வருஷம் கடுங்காவல், அதிகபட்சம் 5 வருஷம். எங்கள் பையன் வளைகுடா போக பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தான், போலீஸ் சான்றிதழ் கேட்டால் என்ன செய்வான்? செய்யாத குற்றத்தை அலைச்சலுக்குப் பயந்து தலையில் வாங்கிக்கொள்வதை எந்த வக்கீல் சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன்.

எங்களைப் போல முதலில் தப்பான ஆளிடம் போய்விட்டவர்களுக்கு ஒன்று: மாற்றலாம். பழைய வக்கீலிடம் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்து வாங்கிப் புது வக்காலத்து போட வேண்டும். பாக்கிப் பணம் கொடுத்தால்தான் கட்டைத் தருவேன் என்று பிடித்து வைக்க அவருக்கு உரிமை கிடையாது, 2000-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. நாங்கள் போய்க் கேட்டபோது இரண்டு நாள் இழுத்தார், இந்தத் தீர்ப்பைச் சொன்னதும் குமஸ்தா கட்டை எடுத்து வந்து மேஜையில் வைத்தார். உள்ளே மொத்தம் ஏழு தாள் இருந்தது. அதில் ஐந்தைப் புது வக்கீல் கோர்ட்டில் நகல் மனு போட்டு ஏற்கனவே வாங்கி வைத்திருந்தார்.